கைடு விற்கிற கடைதான் வேண்டும்

சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகிற மின்சார ரயில்கள் கிளம்பும் இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். தினமும் ஏறுகிறோம், இறங்குகிறோம். அந்த மார்க்கெட் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், 1985 மே 30 அன்று எரிந்தது. வரிசையாக இருந்த பழைய புத்தகக் கடைகள் சாம்பலாயின. தீ எப்படிப் பிடித்தது என்ற சந்தேகப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. இடம் ரயில்வேக்குப் போனது. வியாபாரிகள் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சிலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிடைத்த இடத்துக்குப் போனார்கள். அப்படி ஒரு மூட்டையோடு இதே ரயிலில் ஏறி அம்பத்தூரில் இறங்கிய பெரியவரின் கடையைத்தான் நாங்கள் இப்போது எடுத்து நடத்தப் போகிறோம்.

நாங்கள் என்றால் ஆறு பேர். ஒருவர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். ஒருவர் செவிலியர். ஒருவர் வழக்கறிஞர். ஒருவர் பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரியில் படிக்கிறார். மீதி இரண்டு பேருக்குச் சமூகப் பணிதான் சோறு போடுகிறது. காலனிப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு எடுக்கப் போய்ப் பழகியவர்கள். வகுப்புக்குப் புத்தகம் வாங்க அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் பெரியவர், "முழங்கால் ஒத்துழைக்கல பாப்பா, கடைய எடை போட்டுக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். எடை போடுவது என்றால் காயலான் கடைக்கு. நாலாயிரம் புத்தகம், கிலோ கணக்கில். அன்று இரவே நாங்கள் கூடிப் பேசினோம்.

கடை எடுக்கப் போகிறோம் என்று சொன்னதும் தோழர்களிடமிருந்து வந்த முதல் யோசனை இதுதான்: "கைடையெல்லாம் தூக்கி வெளியே போட்டுட்டு நல்ல அம்பேத்கர் படிப்பகமா ஆக்கிடுங்க." சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எங்களில் மூன்று பேருக்கும் முதலில் அதே ஆசை இருந்தது. நீல வண்ணம் அடித்த சுவர், நடுவில் பாபாசாகேப் படம், சுற்றி முற்போக்கு நூல்கள், தரையில் பாய். மனக்கண்ணில் அழகாகத்தான் இருந்தது.

பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "கைடு வித்த காசுலதான் மத்த புக்கெல்லாம் முப்பது வருஷமா இங்க தூங்கிட்டு இருக்குது. கைட எடுத்தா இதுங்க எங்க தூங்கும்?"

வாடகைக் கணக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. இரண்டு வாரம் கடையில் உட்கார்ந்து யார் வருகிறார்கள் என்று பார்த்தோம். பத்தாம் வகுப்பு கணக்கு கைடு கேட்டு வருகிற பிள்ளைகள். குரூப் 4 எழுதுகிற அக்காக்கள், அண்ணன்கள். இவர்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான பள்ளிப் பாடநூல்கள் வேண்டும். வேறு எந்தத் தடித்த நூலும் வேண்டாம், அதிலிருந்துதான் கேள்வி வருகிறது. ஐ.டி.ஐ. பையன்கள் ஃபிட்டர் தியரி கேட்கிறார்கள். அத்திப்பட்டு குடியிருப்பிலிருந்து ஒரு தாய் வந்தார். கூவம் கரையில் வீடு இடிபட்டு இங்கே கொண்டுவந்து விடப்பட்ட குடும்பம். வீடு மாறியபோது மகளின் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் எங்கோ போய்விட்டன, அதிலிருந்து அந்தப் பெண் எல்லாப் பாடத்திலும் பின்தங்கியே வருகிறாள் என்றார். மகள் இப்போது ஒன்பதாவது. தாய்க்கு ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வேண்டியிருந்தது. இந்தக் கோரிக்கையை எந்தப் படிப்பகத்தில் போய் அவர் வைப்பார்?

'கைடு படிப்பதெல்லாம் படிப்பா' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கைடு தேவைப்படாத வீட்டில் பிறந்தவர்கள். பாடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஒரு ஆள் இருக்கிற வீடு அது. பூர்தியூ இதைப் பண்பாட்டு மூலதனம் என்று சொன்னதை முதுகலை வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதினோம். கடையில் உட்கார்ந்த பிறகுதான் அது இருபத்தைந்து ரூபாய்க்கு, மூலை மடிந்து, மூன்று பேனா மையில் மூன்று பிள்ளைகள் அடிக்கோடிட்ட நிலையில் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே கைடு மூன்று வருடமாக மூன்று வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. கால் விலைக்கு வாங்கி அரை விலைக்கு விற்பது பெரியவரின் வழக்கம். அடுத்த ஜூனில் அதே பிள்ளை அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மேல் வகுப்புக்கு வாங்கிப் போகும். பல காலனிகளில் அம்பேத்கர் படிப்பகங்கள் கேரம் போர்டோடும் ஒரு நாளிதழோடும் நிற்பதை நாம் அறிவோம். பூட்டிக் கிடப்பவையும் உண்டு. அவற்றைக் கட்டியவர்களின் உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே போவதற்குப் பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? கைடு அந்தக் காரணம்.

அடுத்து வந்த யோசனை, "இலவசமாகக் கொடுக்கலாமே." இதில் நாங்கள் ஒரு முடிவோடு இருக்கிறோம்: கொடுக்க மாட்டோம். தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்குப் 'பயனாளி' என்ற சொல் தெரியும். பயனாளி வரிசையில் நிற்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், புகைப்படத்துக்குச் சிரிக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு அது எதுவும் வேண்டாம். "அஞ்சு ரூபா கொறைங்கண்ணா, அட்டையே கிழிஞ்சிருக்குது" என்று சண்டை போடலாம். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போகலாம்.

கடை என்பது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. காசைக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொன்ன கடைகளில் சாமான் வாங்கி வளர்ந்தவர்கள் எங்கள் பெற்றோர். பழைய கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது என்று சொல்லி, பள்ளிக்குப் போகும் தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்தார் ஒரு கடைக்காரர். அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்தோம். கடைக்கு சீல் வைத்தார்கள், கைதும் நடந்தது. அந்தக் குழந்தைகள் அங்கே இலவசத்துக்கா நின்றார்கள்? கையில் காசோடு நின்றார்கள். காசு கொடுத்து வாங்குகிற உரிமையைத்தான் மறுத்தார்கள். அதனால்தான் எங்கள் கல்லாவுக்குப் பின்னால் நம் பெண்கள் உட்கார வேண்டும், முன்னால் நம் பிள்ளைகள் பேரம் பேச வேண்டும் என்று சொல்கிறோம். 'சாதியை அழித்தொழித்தல்' உரையை லாகூர்க்காரர்கள் கேட்க மறுத்தபோது அம்பேத்கர் அதைத் தன் செலவில் 1936-இல் அச்சிட்டார். 1,500 பிரதிகள், இரண்டே மாதத்தில் தீர்ந்துபோயின. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு. அதற்குள் தமிழிலும் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிப் படித்த கூட்டம் அப்போதே இருந்தது.

உலகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. நியூயார்க்கின் ஹார்லெமில் லூயிஸ் மிஷோ என்ற கறுப்பர் 1930-களின் தொடக்கத்தில் ஐந்தே புத்தகங்களோடு கடை போட்டார். கடையிலேயே படுத்து எழுந்தார். மால்கம் எக்ஸ் அந்தக் கடை வாசலில் நின்று பேசினார். 1968-இல் அமெரிக்க உளவுத் துறை, கறுப்பர்களின் புத்தகக் கடைகளைக் கண்காணிக்கச் சொல்லி உத்தரவே போட்டது. மிஷோவின் கடை 1970-களின் நடுப்பகுதி வரை ஓடியது. அவர் நடத்தியதும் கடைதான்.

இனி அந்த நாலாயிரம் புத்தகத்தைப் பற்றி. ஆறு ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம். கரையான் தின்றதைத் தனியாக, நனைந்து ஒட்டிக்கொண்டதைத் தனியாக. பக்கங்களை ஓட்டை ஓட்டையாக அரித்து வைக்கிற பூச்சிக்கு ராமபாணப் பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். வெயிலில் காயவைத்து, பாச்சை உருண்டையும் காய்ந்த வேப்பிலையும் போட்டு அடுக்கினோம். கீழ்த்தட்டைக் காலியாக விட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எஸ்டேட்டே குளமாகக் கிடந்தது. கடைக்குள் முழங்கால் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் இருக்கிறது. வெள்ளையடித்தாலும் மறுபடி தெரிகிறது. அதற்குக் கீழே புத்தகம் வைக்கக்கூடாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் பக்கத்துப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தோம். கல்யாணப் பரிசு, ஓய்வுபெற்ற நாள் நினைவு, மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது. பெரும்பாலும் அண்ணா நகர், முகப்பேர் பக்கத்து வீடுகள். பெரியவர்கள் இறந்ததும் பிள்ளைகள் வந்து ஃபிளாட்டைக் காலி செய்யும்போது எடைக்குப் போகிற நூல்கள். நல்ல நூல்கள், மறுக்கவில்லை. ஆனால் நாலாயிரத்தில் தலித் எழுத்து என்று சொல்லத்தக்கவை இருபது தேறவில்லை. 'நம் ஆட்கள் புத்தகத்தைத் தூக்கிப் போடுவதில்லை, அதனால்தான்' என்று ஒரு தோழர் ஆறுதலாகச் சொன்னார். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பேப்பர் கடைக்குப் புத்தகம் வர வேண்டும் என்றால் முதலில் அது ஒரு அலமாரியில் முப்பது வருடம் இருந்திருக்க வேண்டும். அலமாரி வைக்க வீடு வேண்டும், வீடு இடிபடாமல் இருக்க வேண்டும். கூவம் கரையிலிருந்து அத்திப்பட்டுக்கும் கூடப்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றப்பட்ட குடும்பங்கள் எதை எடுத்து வந்தன, எதை விட்டு வந்தன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, தேடித் தேடிச் சேர்த்ததை 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் அது ஆய்வு நூலகமானது. தரமணிக்குப் போவதற்கு முன் சில ஆண்டுகள் நம் பக்கத்து முகப்பேரில்தான் இருந்தது. அவர் செய்தது மாபெரும் வேலை. அதே வேலையை நம் பக்கத்தில் செய்தவர்களுக்கு இத்தனை வெளிச்சம் கிடைக்கவில்லை. 1907 ஜூன் 19-இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இன்று நம் கைக்குக் கிடைக்கிறது என்றால், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைத் தம் வீட்டில் வைத்துக் காப்பாற்றியதுதான் காரணம். ஞான அலாய்சியஸ் தொகுத்து அவை நூலாக வெளிவந்தது 1999-இல். இடையில் ஏறக்குறைய தொண்ணூறு வருடம்! அந்தத் தொண்ணூறு வருடத்தில் எத்தனை இதழ்கள் எடைக்குப் போயின, எத்தனை கடலை மடிக்கப் போயின? திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லீஸ் கைக்குச் சேர்த்தவர் தன் பாட்டன் கந்தப்பன் என்று அயோத்திதாசரே எழுதி வைத்திருக்கிறார். பழஞ்சுவடிகளைக் காப்பாற்றிக் கைமாற்றிய வரலாற்றில் நம் ஆட்கள் தொடக்கத்திலேயே இருக்கிறார்கள். நம் சுவடிகளைக் காப்பாற்றத்தான் ஆள் குறைவு.

ஆகவே கடைக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்காரர்கள் பதினோரு பேரிடம் பேசி வைத்திருக்கிறோம். துண்டறிக்கை, மாநாட்டு மலர், சங்க ஆண்டறிக்கை, நின்றுபோன சிற்றிதழ், நீல அட்டை, புத்தர் படம், அம்பேத்கர் படம் போட்டது எது வந்தாலும் கூழாக்கப் போவதற்கு முன் எங்களுக்கு ஒரு போன். எடை விலைக்கு மேல் ஐந்து ரூபாய் சேர்த்துத் தருகிறோம். அவர்களில் பாதிப் பேர் நம் மக்கள்தான். குப்பையில் கைவைக்கிற வேலையை யாரிடம் விட்டிருக்கிறது இந்தச் சமூகம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஆவணம் நம் கை வழியாகத்தான் கூழாகப் போகிறது. முதல் மாதம் வந்தது ஒரு தொழிற்சங்க மலரும், அட்டை இல்லாத இரண்டு 'தலித் முரசு' இதழ்களும். போதும், தொடக்கம்தானே.

பிரிக்கும்போது எங்களை உட்கார வைத்துவிட்ட ஒரு கட்டு உண்டு. முப்பத்தெட்டு புத்தகங்கள். எல்லாவற்றிலும் ஒரு அரசு மாணவர் விடுதியின் நூலக முத்திரை. எந்த ஊர் விடுதி என்று இங்கே எழுதவில்லை. நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி, அது போதும். அகராதி, பொது அறிவு, அறிவியல் கதைகள், பெரியாரும் அம்பேத்கரும். ஒரு புத்தகத்தில்கூட முதுகு மடியவில்லை. இரண்டு பக்கங்கள் வெட்டப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. பிள்ளைகளுக்கு என்று வாங்கி, பீரோவில் பூட்டி, கணக்கு முடிந்ததும் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். எங்களில் இரண்டு பேர் அப்படிப்பட்ட விடுதியில் படித்தவர்கள். ஒருவர் அந்த அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அவர் பதினொன்றாம் வகுப்பில் அகராதி வாங்கக் காசில்லாமல், நண்பனுடையதைப் பார்த்து ஒரு நோட்டு முழுக்கச் சொற்களை எழுதிவைத்தவர்.

அதை என்ன செய்வது என்று இன்னும் சண்டை. திருப்பிக் கொடுத்தால் மறுபடி பீரோவுக்குப் போகும் என்கிறார் செவிலியர் தோழர். முத்திரை இருக்கிறது, சட்டப்படி அரசுச் சொத்து, எழுதிக் கேட்போம் என்கிறார் வழக்கறிஞர். இரண்டும் சரிதான். இப்போதைக்கு ஒன்று தீர்மானித்தோம்: அவற்றை விற்பதில்லை. தனித் தட்டில் இருக்கும். விடுதியில் தங்கிப் படிக்கிற யாரும் எடுத்துப் போகலாம். நாங்கள் இலவசமாகத் தருகிற ஒரே தட்டு அதுதான், ஏனென்றால் அது அவர்களுடையது.

புதுப் புத்தகமும் கொஞ்சம் வைக்கிறோம். அம்பேத்கர் பேச்சும் எழுத்தும் தமிழில் 37 தொகுதிகளாக வந்தன. வெளியிட்ட நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இருப்பது நம் அம்பத்தூர் சிட்கோ எஸ்டேட்டில்தான். எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வருகிற எத்தனை பேருக்கு அது தெரியும்? எழும்பூரில் 2023-இல் நீலம் புக்ஸ் திறந்தபோது நாங்களும் போய்வந்தோம், மகிழ்ந்தோம். ஆனால் திருநின்றவூரிலிருந்து இரவு ஷிஃப்டுக்கு வருகிறவர் எழும்பூருக்கு எப்போது போவார்? அவர் இறங்குகிற நிலையத்தில் வேண்டும்.

கடையை எடுத்து நடத்த நினைக்கும் மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மாநகராட்சித் தொழில் உரிமம் வேண்டும். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். முக்கியமாக, பழைய வாடகைக்காரரிடம் மட்டும் பேசிவிட்டு உள்ளே போகாதீர்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் கடை கைமாறாது. நஷ்டக் கணக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மவுண்ட் ரோட்டின் ஹிக்கின்பாதம்ஸ் 1844-இல் தொடங்கியதே, நஷ்டத்தில் ஓடிய மிஷனரிகளின் புத்தகக் கடையை அங்கே வேலை பார்த்தவர் வாங்கியதில்தான்.

கட்டட உரிமையாளரிடம் பேசப் போனோம். காபி கொடுத்தார். "சொந்த ஊர் எது?" என்றார். சொன்னோம். "அங்க எந்தப் பக்கம்?" என்றார். இந்த இரண்டாவது கேள்வியை நாம் எல்லோரும் வாழ்நாளில் நூறு முறையாவது கேட்டிருப்போம். அதையும் சொன்னோம். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புக்கு வியாபாரம் நல்ல விஷயம், பண்ணுங்க. ஆனா அந்தப் படம் மட்டும் வெளியே தெரியுற மாதிரி வேணாம். ஏரியா எப்படின்னு தெரியும்ல. நாளைக்கு எவனாவது கல்லு விட்டா கண்ணாடி யார் மாத்துறது?" என்றார். பெரியவர் காலத்தில் அதே சுவரில் முப்பது வருடமாகச் சரஸ்வதி காலண்டர் தொங்கியது. அதற்கு யாரும் கல்லு விடவில்லை.

வேறு இடம் பார்ப்போம் என்று மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். வேறு இடத்தில் வேறு உரிமையாளர் இதையே கேட்க மாட்டாரா என்றார் லேத் தோழர். கடைசியில் வழக்கறிஞர் தோழர் அமைதியாகச் சொன்னார்: "கட்சிக் கொடி கட்ட மாட்டோம் சார், எழுதிக் கொடுக்கிறோம். நீங்களும் அம்பேத்கர் படம் வைக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி எழுதிடுங்க. ரிஜிஸ்டர் பண்ணிடலாம்." அவர் பதில் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து ஒப்பந்தம் வந்தது. அந்த வரி இல்லை. ஆனால் பேசிய ஆறு மாத அட்வான்ஸ் பத்து மாதமாகியிருந்தது. செவிலியர் தோழர் தன் சீட்டை எடுத்துக் கொடுத்தார். படம் கல்லாவுக்கு மேலே இருக்கிறது. ஷட்டரைத் தூக்கினால் ரோட்டிலிருந்து தெரியும். அதன் வாடகை நான்கு மாதம் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

திறப்பு நாளிலும் தகராறு. ஏப்ரல் 14 என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு நம் மக்கள் மாலையோடும் மேளத்தோடும் சிலைக்குப் போவார்கள், கடைக்கு வர மாட்டார்கள். மும்பை தாதரில் டிசம்பர் 6 அன்று சைத்ய பூமிக்கு லட்சக்கணக்கில் வருகிறவர்கள், முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு வந்தாலும் திரும்பும்போது கையில் புத்தகத்தோடு போகிறார்கள். அந்தப் பழக்கம் இங்கே இன்னும் வரவில்லை, ஒருநாள் வரும். இப்போதைக்கு ஜூன் முதல் வாரம் திறக்கிறோம், பள்ளி திறக்கிற வாரம். பெரியவர் முதல் மாதம் முழுக்க வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்வதாகச் சொல்லியிருக்கிறார், விலை போடச் சொல்லித்தர.

ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். ஆறாவது, எட்டாவது அறிவியல் குறைவாக இருக்கிறது. வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், கால் விலை தருவோம். வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தால், பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.